சட்டத்தின் கரமும் காவலின் கண்ணும்

2019ஆம் ஆண்டு ஏப்ரல் 21, உயிர்ப்புப் பெருவிழா ஞாயிறு. கொழும்பு கொச்சிக்கடைப் புனித அந்தோனியார் திருத்தலத்திலும், நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டிப் புனித செபஸ்தியார் ஆலயத்திலும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்திலும், கொழும்பின் பெரிய விடுதிகளிலும் தற்கொலைக் குண்டுகள் வெடித்தன. 250க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அந்தோனியாரை நாடும் நம்மவர்க்கும் அது சொந்த வீட்டுத் துக்கமே. அத்துக்கத்தினூடே ஒரு வினா எழுகின்றது. பயங்கரவாதத்தைத் தடுப்பதற்கென்றே கடுமையானதொரு சட்டத்தை 40 ஆண்டுகளாகக் கையில் வைத்திருந்த நாட்டில் இது எவ்வாறு நிகழ்ந்தது?

1979 ஜூலையில் இலங்கைப் பாராளுமன்றம் பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நிறைவேற்றியது. மூன்றாண்டுகளுக்கான தற்காலிக ஏற்பாடாகவே அது பிறந்தது, 1982இல் நிரந்தரமாயிற்று. அமைச்சரின் ஆணையால் ஒருவரை வழக்கின்றி 18 மாதங்கள் வரை தடுத்து வைக்க அது இடமளித்தது. உதவிக் காவல் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் அளிக்கும் வாக்குமூலம் நீதிமன்றத்தில் சாட்சியமாகும். அது வற்புறுத்திப் பெறப்பட்டது என மெய்ப்பிக்கும் சுமையோ கைதியின் தலையில் விழுந்தது.

இத்தகைய ஏற்பாடுகளுக்கு நியாயமே இல்லை என நாம் கூறிவிட முடியாது. 1996 ஜனவரியில் கொழும்பு மத்திய வங்கி தாக்கப்பட்டபோது 90 பேர் வரை உயிரிழந்தனர். அதே ஆண்டு ஜூலையில் தெகிவளையில் ரயிலில் குண்டு வெடித்தது. காலையில் வேலைக்குச் சென்றவர் மாலையில் வீடு திரும்புவார் என்னும் உறுதியற்ற நகரில், சோதனைச் சாவடியும் விரைந்து கைது செய்யும் அதிகாரமும் வேண்டாமென எவர் சொல்வார்? குடிமக்களின் உயிரைக் காப்பது அரசின் முதற்கடமை. 2019 மே மாதத்தில் ஆலயங்கள் மீண்டும் திறக்கப்பட்டபோது, ஆயுதம் தாங்கிய காவலுக்கிடையேதான் மக்கள் திருப்பலிக்குச் சென்றனர்.

ஆயினும் இச்சட்டத்திற்கு மாந்தர் கொடுத்த விலை பெரிது. 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அவர்களுள் பலர் இச்சட்டத்தின் கீழ் அடைக்கப்பட்டவர்கள். 1993இல் கைதான தமிழர் ஒருவரின் வாக்குமூலம் அவர் அறியாத சிங்களத்தில் எழுதப்பட்டது. அவர் அதில் கைநாட்டு வைத்தார். அதனைக் கொண்டே 1995இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது; மேல்முறையீட்டில் அது 35 ஆண்டாயிற்று. நேர்மையான விசாரணைக்கான அவரது உரிமை மீறப்பட்டது என ஐ.நா. மனித உரிமைக் குழு 2004இல் முடிவு செய்தது.

2019இல் குறைவுபட்டது அதிகாரமன்று. ஏப்ரல் 4ஆம் நாளே இந்திய உளவுத்துறையின் எச்சரிக்கை கொழும்பை எட்டியது. ஏப்ரல் 11ஆம் தேதியிட்ட காவல்துறைக் கடிதம், சதிக் கூட்டத்தையும் அதன் தலைவன் சகரானையும் பெயர் சுட்டியது. ஆலயங்களுக்குத்தான் எவரும் அறிவிக்கவில்லை. அறிந்திருந்தால் திருப்பலிகளை நிறுத்தியிருப்போம் என்னும் கருத்துப்படக் கர்தினால் மால்கம் ரஞ்சித் வேதனையுடன் பேசினார். 2023 ஜனவரியில் இலங்கை உச்ச நீதிமன்றம், முன்னாள் அதிபர் மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாய் இழப்பீடு வழங்கவேண்டுமெனத் தீர்ப்பளித்தது. உயர் அதிகாரிகளும் பொறுப்பேற்கச் செய்யப்பட்டனர்.

கடமை உணர்ந்து வாய் திறந்தவர்களும் இருந்தார்கள். சகரானின் வெறுப்புப் பேச்சைக் குறித்துக் காத்தான்குடி முஸ்லிம்கள் முன்பே முறையிட்டிருந்தனர். குண்டுவெடிப்புக்குப் பின் ஐந்தாம் நாள், சாய்ந்தமருதில் பதுங்கியிருந்தவர்களைப் பற்றிக் காவல்துறைக்குத் தகவல் தந்தவர்களும் அவ்வூர் மக்களே. ஆனால் பின்னர் சட்டம் அச்சமூகத்தின் குற்றமற்றவர் மீதும் பாய்ந்தது. 'நவரசம்' என்னும் தமிழ்க் கவிதை நூலை எழுதிய இளைஞர் அஹ்னாப் ஜஸீம் 2020 மே மாதத்தில் கைதானார். 2021 டிசம்பரில்தான் பிணை கிடைத்தது. 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரைக் குற்றமற்றவரென விடுவித்தது. 2022இன் திருத்தம் தடுப்புக் காலத்தை 12 மாதங்களாகக் குறைத்தது. வாக்குமூல விதியைத் தொடவில்லை.

திருக்குறளில் 57ஆம் அதிகாரம் வெருவந்த செய்யாமை, 58 கண்ணோட்டம், 59 ஒற்றாடல். குடிகள் அஞ்சத்தக்கன செய்யாமையையும் இரக்கத்தையும் பேசிய பின்னரே வள்ளுவர் ஒற்றரைப் பற்றிப் பேசுகிறார். இவ்வரிசையில் நாம் ஓர் அரசியல் உண்மையைக் காண்கிறோம். அண்டை வீட்டில் தீயது நடப்பதை முதலில் அறிபவன் குடிமகன். காவல் நிலையத்தின் படியேற அவன் அஞ்சுவானாயின், அரசு தன் கண்ணைத் தானே கட்டிக்கொள்கிறது.

ஆகவே குண்டு வெடிக்கும்போதெல்லாம் "இன்னும் கடுமையான சட்டம் வேண்டும்" என எழும் குரலோடு நாமும் சேருமுன், கிடைத்த எச்சரிக்கை என்னவாயிற்று எனவும், இச்சட்டத்தால் எவர் வீட்டு மகன் வழக்கின்றி அடைபட்டிருக்கிறான் எனவும் கேட்போமாக. கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் இறந்தோர்க்கு அக்கேள்விகளை நாம் கடன்பட்டிருக்கிறோம்.