சாம்பிராணியும் பென்சீனும்

பினாங்கில் சாம்பிராணிப் புகையை நுகராதவர் இலர். மலாய் மக்கள் அதனைக் கெமென்யான் என்பர். சுமத்திராக் காடுகளில் கிடைக்கும் இப்பிசின் நீரிணையைக் கடந்து ஜார்ஜ் டவுனில் விலையாயிற்று. அதற்கும் நெடுங்காலம் முன்னரே, சூடத்துக்கும் இப்பிசினுக்கும் பெயர்பெற்ற சுமத்திராவின் பாருசில், ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088-ஆம் ஆண்டில் தமிழ்க் கல்வெட்டு நாட்டினர்.

அரபு வணிகர் இதனை 'லுபான் ஜாவி', அதாவது சாவகத்துச் சாம்பிராணி, என்றனர். முதலெழுத்து உதிர்ந்து, ஐரோப்பிய மொழிகளில் அது பென்சாயின் ஆயிற்று; அதிலிருந்து பெற்றது பென்சாயிக் அமிலம். 1825-இல் பாரடே எண்ணெய் வாயுவின் படிவிலிருந்து ஒரு நீர்மத்தைப் பிரித்தெடுத்தார். 1833-இல் மிட்செர்லிக், பென்சாயிக் அமிலத்தைச் சுண்ணாம்புடன் சேர்த்துக் காய்ச்சி வடித்து, அதே நீர்மத்தைப் பெற்றுப் 'பென்சின்' எனப் பெயரிட்டார். பென்சீன் என்னும் பெயரின் வழி இது.

நறுமணப் பொருள்களோடு கொண்ட உறவால் 'அரோமேட்டிக்' என்னும் குடிப்பெயரும் அமைந்தது. ஆயினும் இக்குடும்பத்துக்கு இலக்கணம் மணமன்று, வினையே. நிறைவுறா எத்தீன் புரோமினைக் கூட்டு வினையால் ஏற்று, அதன் நிறத்தை உடனே போக்கும். பென்சீனோ வினையூக்கியின்றி இணங்காது. இணங்கும்போதும் ஒரு ஹைட்ரஜனை விடுத்துப் பதிலீடு செய்யுமேயன்றி வளையத்தைக் குலைக்காது. அவ்வளையத்தை 1865-இல் கெக்குலே முன்மொழிந்தார்.

பென்சீன் என்பதை அயற்சொல்லென்று மாணவர் அஞ்சுகின்றனர். அதன் வேரோ நம் வீட்டுத் தூபக்காலில் புகைகின்றது. வாய்பாட்டைக் கரும்பலகையில் எழுதுமுன், ஆசிரியர் இவ்வரலாற்றைச் சொல்வாராக.