வெயில் நமக்குப் பகையா? ஒரு வரலாற்றுக் குறிப்பு



நம்மில் பலருடைய மருந்து டப்பாவில் இன்று வைட்டமின் டி மாத்திரை இருக்கிறது. வருடம் முழுக்க வெயில் காயும் சென்னையில், அதுவும் கடலை ஒட்டிய ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருப்பவர்களுக்கு இந்தச் சத்து ஏன் குறைகிறது? பதில் தெரிய நூற்றுமுப்பது வருடம் பின்னால் போக வேண்டும்.

அக்காலத்தில் இங்கிலாந்தின் தொழில் நகரங்களில் நிலக்கரிப் புகை வானத்தை மூடியிருந்தது. அங்கே குழந்தைகளுக்குக் கால் எலும்பு வளையும் ரிக்கெட்ஸ் நோய் சர்வ சாதாரணம். தியோபால்டு பாம் என்ற மருத்துவர் ஜப்பானில் பணியாற்றியபோது இந்த நோயைக் காணவில்லை. ஊர் திரும்பியதும் நிறையக் கண்டார். ஆசிய நாடுகளில் இருந்த மிஷனரி மருத்துவர்களுக்குக் கடிதம் எழுதி விசாரித்தார். நல்ல சாப்பாடு கிடைக்காத ஏழை நாடுகளிலும் வெயில் இருந்தால் இந்த நோய் அரிது என்று தெரிந்தது. வெயில் குறைவே காரணம் என்று 1890-ல் எழுதினார். அன்று அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

1919-ல் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர் நோயுற்ற குழந்தைகளைப் புற ஊதா விளக்கொளியில் வைத்துக் குணப்படுத்தினார். 1922-ல் அமெரிக்காவில் மெக்கொல்லம் குழுவினர் காட் மீன் ஈரல் எண்ணெயில் இருந்த சத்தைத் தனியே அடையாளம் கண்டனர். அதுதான் வைட்டமின் டி.

அதே 1922-ல் நம் நாட்டு ஆய்வு ஒன்றும் வெளிவந்தது. ஹட்சிசன், ஷா என்ற இருவர் நாசிக் நகரில் விசாரித்தார்கள். வசதியான, கோஷா வழக்கமுள்ள வீடுகளில், வெளிச்சம் குறைந்த அறைகளுக்குள் வளர்ந்த குழந்தைகளுக்கு நோய் இருந்தது. அதைவிட மோசமாகச் சாப்பிட்டும் வெளியில் திரிந்த ஏழைக் குழந்தைகளுக்கு அது அரிதாகவே இருந்தது. வெயில் நாட்டிலும் வெயில் படாவிட்டால் பயனில்லை என்பது நூறு வருடத்துக்கு முன்பே தெரிந்த கணக்கு.

பிறகு பல காலம் இதை மறந்துவிட்டோம். 2000-ல் டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் ஆரோக்கியமானவர்களின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். வெளியில் பணிபுரிந்த படைவீரர்களுக்கு இந்தச் சத்து நன்றாக இருந்தது. மருத்துவமனைக்குள்ளேயே வேலை பார்த்த டாக்டர்கள், நர்சுகளுக்குக் குறைவு! நமக்குப் பக்கத்து ஊரான திருப்பதியில் வெங்கடேஸ்வரா மருத்துவ நிறுவனத்தார் 2007-ல் வெளியிட்ட ஆய்விலும் நகரத்தாரைவிட வயலில் வேலை செய்யும் கிராமத்தாருக்கு அளவு கூடுதலாக இருந்தது. ஆனால் அவர்களிலும் பலருக்குப் பற்றாக்குறை.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறக்கப்பட்டது. துறைமுகம், மீன்பிடித் தொழில், உப்பளம் என்று இங்கே பிழைப்பு வெயிலில்தான் நடந்தது. வீட்டில் இருந்த பெண்களும் உச்சி வேளையில் மொட்டை மாடியில் வடகம், மிளகாய் காயப்போட்டுக் காக்கை விரட்டினார்கள். வைட்டமின் என்ற சொல்லே தெரியாமல் அவர்களுக்கு அது கிடைத்தது. அடுத்த தலைமுறையான நாம் ஆலைக் கூரைக்குள் ஷிப்ட் பார்த்தோம். என்னைப் போன்றவர்கள் வங்கி கவுண்ட்டரில் ட்யூப்லைட் வெளிச்சத்தில் முப்பது வருடத்துக்கு மேல் உட்கார்ந்தோம். போதாததற்கு, "வெயிலில் நிற்காதே, கறுத்துப் போவாய்" என்ற பேச்சு எல்லா வீட்டிலும் உண்டு. இப்போது அடுக்குமாடியில் முற்றம் இல்லை. வடகம் கடையில் வாங்குகிறோம்.

புகையும் ஒரு காரணம். 2002-ல் வெளியான டெல்லி ஆய்வு ஒன்றில், காற்று மாசு மிகுந்த இடத்துக் குழந்தைகளுக்கு இந்தச் சத்து குறைவாக இருந்தது. 1970-ல் தொடங்கி 2017-ல் மூடும்வரை எண்ணூர் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதை விளக்கத் தேவையில்லை.

"நான் தினமும் காலை ஆறு மணிக்கே நடக்கிறேனே" என்று நீங்கள் கேட்கலாம். உடம்புக்கு அது மிக நல்லது, நிறுத்தாதீர்கள். ஆனால் வைட்டமின் டி-யை உண்டாக்கும் புற ஊதா பி கதிர், சூரியன் சாய்வாக இருக்கும்போது காற்று மண்டலத்திலேயே பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடுகிறது. திருப்பதியில் நேரடியாகச் சோதித்தபோது 11 மணி முதல் 2 மணி வரைதான் சத்து அதிகம் உண்டானது. ஜன்னல் கண்ணாடி வழியாக அந்தக் கதிர் வராது. அதனால் மூடிய பால்கனியில் உட்கார்வதும் பயன் தராது. இதற்கு எளிய கணக்கு உண்டு: உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அது பயனுள்ள வெயில்.

வயதும் சேர்ந்துகொள்கிறது. எழுபதைத் தாண்டியவரின் தோல் இளைஞர் தோலில் பாதிக்கும் குறைவாகத்தான் இந்தச் சத்தைத் தயாரிக்கிறது என்று 1985-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். நம் கருநிறத் தோலுக்கு இன்னும் சற்று நேரம் வேண்டும். சத்து குறைந்தால் தசை தளரும், எலும்பு மெலியும். பாத்ரூமில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தால் அந்த வயதில் எழுந்து நடப்பது எவ்வளவு கடினம் என்று நாம் பார்த்திருக்கிறோம்.

அதற்காகக் கத்திரி வெயிலில் போய் நிற்கச் சொல்லவில்லை. மயக்கம், நீர் வற்றல் வரும். கோடையில் நிழல் சீக்கிரமே குட்டையாகிவிடும். பத்து மணிக்குள் முடித்துக்கொள்ளலாம். மார்கழி, தையில் முற்பகல் 11 மணி தாங்கக்கூடியதே. முகத்தை மறைத்து, கை கால்களில் மட்டும் கொஞ்ச நேரம் பட்டால் போதும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுவோர் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். அசைவம் சாப்பிடுவோருக்குக் காசிமேட்டு மத்தியும் கானாங்கெளுத்தியும் உதவும். செறிவூட்டிய பால், எண்ணெய் பாக்கெட்டில் '+எஃப்' முத்திரை இருக்கும். 60,000 யூனிட் மாத்திரையை மட்டும் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று வாரா வாரம் போடாதீர்கள். அளவு மிஞ்சினால் ரத்தத்தில் கால்சியம் ஏறிச் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர்த் தொட்டிக்காகப் பூட்டி வைத்திருக்கும் மொட்டை மாடியைத் தினமும் முற்பகலில் ஒரு மணி நேரம் பெரியவர்களுக்குத் திறந்துவிடுங்கள். தொட்டி நிழலில் நான்கு நாற்காலியும், படியில் உறுதியான கைப்பிடியும் போதும். அடுத்த கூட்டத்தில் இதைப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.