செத்த கையின் வலி

"செத்த கை எப்படிடா வலிக்கும்?" என்று பெரியப்பா என்னிடம் கேட்டார். எனக்கும் பதில் தெரியவில்லை. அண்ணன் கட்டிலில் உட்கார்ந்து, வலது கையை இடது கையால் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். முழங்கைக்குக் கீழே ஊசியால் குத்தினாலும் அவருக்குத் தெரியாது. ஆனால் உள்ளங்கையை யாரோ தோசைக்கல்லில் வைத்து அழுத்துவதுபோல் இருக்கிறது என்பார். நடுநடுவே விரல்வரை கரண்ட் பாயும். சில நொடிகள்தான், ஆனால் பேச்சு அப்படியே நின்றுவிடும்.

பைக் விபத்து. நால்வழிச் சாலையில் தூக்கி வீசப்பட்டு விழுந்தபோது தலை ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் இழுபட்டதில், தண்டுவடத்திலிருந்து கைக்குப் போகும் ஐந்து நரம்பு வேர்களும் பிய்ந்துவிட்டன. கழுத்துக்கும் அக்குளுக்கும் நடுவே அந்த ஐந்தும் பின்னிப் பிரிகிற இடத்துக்கு பிராக்கியல் பிளெக்ஸஸ் என்று பெயர். வழியில் எங்காவது அறுந்திருந்தால் ஒட்டுப்போட முயலலாம். இது சுவிட்ச் போர்டிலிருந்து ஒயரை வேரோடு பிடுங்கின மாதிரி.

நான் மென்பொருள் எழுதுகிறவன். ஒயரைப் பிடுங்கினால் சிக்னல் வராது என்று நான்கு வருடம் ஃபீஸ் கட்டிப் படித்தவன். அதனால் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் நானும் பெரியப்பா கட்சிதான். வேலைக்குப் போகப் பிடிக்காமல் அண்ணன் கொஞ்சம் கூட்டிச் சொல்கிறார் என்றே இரண்டு வருடம் நினைத்திருந்தேன். அந்த வெட்கத்தில்தான் இதன் வரலாற்றைப் படிக்க உட்கார்ந்தேன். படித்தால், என்னைவிடப் பெரிய ஆட்களும் இதே இடத்தில் நின்றிருக்கிறார்கள்.

அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, ஃபிலடெல்ஃபியாவில் டர்னர்ஸ் லேன் என்ற மருத்துவமனையில், நரம்பில் குண்டு பாய்ந்த சிப்பாய்களைத் தனியே சேர்த்து வைத்தார்கள். சைலஸ் வெயர் மிட்செல், மோர்ஹவுஸ், கீன் என்ற மூன்று மருத்துவர்கள் அவர்களைப் பார்த்துக்கொண்டார்கள். 1864இல் மூவரும் சேர்ந்து எழுதிய சின்னப் புத்தகம் ஒன்று உண்டு. காயம் ஆறிய பிறகும் எரிந்துகொண்டே இருக்கும் கைகளைப் பற்றி அதில் எழுதினார்கள். அந்தச் சிப்பாய்கள் எப்போதும் ஈரத்துணியைக் கையில் சுற்றியிருப்பார்கள். தண்ணீர் பாட்டில் இல்லாமல் நகர மாட்டார்கள். பக்கத்தில் யாராவது அழுத்தி நடந்தால்கூட வலி ஏறும். இந்த எரிச்சலுக்குப் பிறகு மிட்செல் 'காஸால்ஜியா' என்று பெயர் வைத்தார். கிரேக்கத்தில் வெப்பம், வலி என்ற இரண்டு சொற்களின் சேர்க்கை.

என்னை நிறுத்திய விஷயம் வேறு. அதே 1864இல் அதே மூவரும் இன்னொரு கட்டுரையும் எழுதினார்கள். நரம்பு நோய் இருப்பதாக நடிக்கும் சிப்பாய்களைக் கண்டுபிடிப்பது எப்படி என்பது பற்றி. ஈதர் கொடுத்து மயக்கினால், செயலற்றதாகச் சொல்லப்பட்ட கை அசைகிறதா என்று பார்க்கலாம் என்பது அவர்கள் வழிகளில் ஒன்று. வலியை உலகத்துக்குச் சொன்னவர்களும் பொய்யைப் பிடிக்க உட்கார்ந்தவர்களும் ஒரே ஆட்கள், ஒரே வருடம். இதைப் படித்த அன்று கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. அப்படி ஆறுதல் தேடியது சரியில்லை என்று அடுத்த நாள் தோன்றியது.

1866இல் மிட்செல் ஒரு கதை எழுதினார். ஜார்ஜ் டெட்லோ என்பவன் தன் கதையைத் தானே சொல்கிறான். அட்லாண்டிக் மன்த்லி இதழ் எழுதியவர் பெயர் இல்லாமலே அதை வெளியிட்டது. குண்டடிபட்ட வலது கை தாங்க முடியாமல் எரிகிறது. கையை வெட்டியதும் எரிச்சல் போய்விடுகிறது. பிறகு மற்ற மூன்றும் போகின்றன. இல்லாத கைகால்களை உணர்ந்துகொண்டே அவன் வாழ்கிறான். வாசகர்கள் நிஜமென்று நம்பி அவனுக்குப் பணம் அனுப்பினார்கள். 'மாய உறுப்பு' என்ற பொருள்தரும் சொல்லை மிட்செல் அச்சில் கொண்டுவந்தது அதற்கும் ஐந்து வருடம் கழித்து. மருத்துவக் கட்டுரையைவிடக் கதையை ஜனங்கள் சீக்கிரம் நம்பினார்கள் என்பது, இலக்கியப் பத்திரிகையில் எழுதுகிற எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருக்கிறது, கொஞ்சம் பயமாகவும் இருக்கிறது.

பயம் எதற்கென்றால், கதையில் நடந்தது அண்ணன் மாதிரி ஆட்களுக்கு நடக்காது. "இம்புட்டு வலின்னா வெட்டிரலாமே" என்று எங்கள் வீட்டிலும் ஒரு மாமா சொன்னார். அவரைக் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தின் பெரிய எலும்பு மருத்துவர்களில் ஒருவரான ஹெர்பர்ட் செட்டன், 1961இல்கூட, தொங்கிப்போன கையை வெட்டிவிட்டுத் தோளை அசையாமல் இணைத்துவிடும் சிகிச்சையை இப்படிப்பட்ட நோயாளிகளில் பலருக்குப் பரிந்துரைத்தார். கையின் சுமை குறையும், செயற்கைக் கை பொருத்தலாம். ஆனால் வேர் பிய்ந்த வலியை வெட்டி எடுக்க முடியவில்லை. ஏனென்றால் அது கையில் இல்லை.

இது புரிய ரொம்ப நாளானது. 1965இல் மெல்ஸாக், வால் இருவரும் தண்டுவடத்தில் வலிக்கு ஒரு 'கதவு' இருக்கிறது என்ற கோட்பாட்டை வெளியிட்டார்கள். வலி என்பது தோலிலிருந்து மூளைக்கு நேராக ஓடும் ஒயர் அல்ல, வழியிலேயே கூட்டவும் குறைக்கவும் படுகிறது என்பது அதன் சாரம். வேர் பிய்ந்தவர்களுக்கு அந்த வழியில் என்ன நடக்கிறது? கையிலிருந்து செய்தி வருவதற்காகக் காத்திருக்கும் செல்கள் தண்டுவடத்தின் பின்பக்கத்தில் இருக்கின்றன. செய்தி நின்றுபோனதும் அவை அடங்குவதில்லை. தாமாகவே பொரிய ஆரம்பிக்கின்றன. மூளை அதைக் கை அனுப்பியதாகப் படிக்கிறது. பழைய டிவியில் ஆன்டெனா போனால் திரை கருப்பாகாமல் புள்ளி புள்ளியாக இரையுமே, அப்படி. என் பொறியியல் பாடத்திலேயே விடை இருந்திருக்கிறது, எனக்குத்தான் உறைக்கவில்லை.

எழுபதுகளில் அமெரிக்காவில் பிளெய்ன் நாஷோல்ட் அந்தச் செல்கள் இருக்கும் இடத்தையே, பிய்ந்த வேரின் வாசலில், ஊசி முனையால் சுட்டு அழிக்கும் அறுவையைத் தொடங்கினார். பலருக்குக் குறைந்தது. காலை நடத்தும் நரம்புப் பாதை பக்கத்திலேயே ஓடுவதால் ஆபத்தும் உண்டு. அண்ணனிடம் சொன்னேன். "கை போனது போதும்டா" என்றார்.

லோசானில் நரக்காஸ் என்ற மருத்துவர் 1985இல் தம் நோயாளிகளை வைத்து 'ஏழு எழுபதுகள்' என்று ஒரு கணக்கு சொன்னார். இந்தக் காயங்களில் 70 சதவீதம் சாலை விபத்து, அதில் 70 இருசக்கர வண்டி, என்று சங்கிலியாகப் போய், கீழ் வேர்கள் பிய்ந்தவர்களில் 70 சதவீதத்துக்கு நீங்காத வலி என்று முடிகிறது. பழக்கதோஷம், ஏழையும் பெருக்கிப் பார்த்தேன். நூற்றுக்கு எட்டு. அண்ணன் அந்த எட்டில் ஒருவர்.

ராமச்சந்திரனின் கண்ணாடிப் பெட்டியைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்துவிட்டு சான் டியாகோ போனவர். தொண்ணூறுகளில் அவர் எழுதிய நோயாளிகளில் ஒருவர் அண்ணன் மாதிரியேதான்: பைக் விபத்து, வேர்கள் பிய்ந்தன, ஒரு வருடம் கழித்துக் கையை எடுத்தார்கள், ஆனாலும் இல்லாத கை அசையாமல் அங்கேயே இருந்து வலித்தது. கண்ணாடியில் நல்ல கையின் பிம்பத்தைப் பார்த்தபடி அசைத்தபோது, பத்து வருடத்தில் முதன்முறையாக மாயக்கை அசைந்தது. பெட்டியை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பழகி, மூன்று வாரத்தில் அந்தக் கை பெரும்பாலும் மறைந்தே போனது. எல்லோருக்கும் இப்படி நடப்பதில்லை. நாங்களும் பீரோ கண்ணாடியைக் கழற்றிச் செய்தோம். ஒரு வாரம் நன்றாக இருந்தது, பிறகு இல்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டவில்லை என்று பெரியம்மா இன்னும் திட்டுகிறார்.

அண்ணனுக்குப் பலன் தந்தது இரண்டு. ஒன்று கபாபென்டின். வலிப்புக்கென்று வந்த மாத்திரை, பின்னால் நரம்பு வலிக்கும் பயன்பட்டது. கூகுளில் பார்த்துவிட்டு "புள்ளைக்கு வலிப்பு வேற வந்துருச்சா" என்று பெரியம்மா அழுத கதை தனி. இன்னொன்று வேலை. பிரிட்டிஷ் விமானப்படையில் மறுவாழ்வு மருத்துவராக இருந்த வின் பாரி, 1980இல் இந்த வலியைப் பற்றி எழுதும்போது, மனம் ஆழ்ந்துபோகும் வேலைதான் நோயாளிகளுக்குப் பெரிய நிவாரணமாக இருக்கிறது என்று கவனித்திருக்கிறார். நானோ அண்ணன் வேலைக்குப் பயந்து வலி என்கிறார் என்று நினைத்தேன். அவர் இடது கையால் செல்போன் பழுது பார்க்கப் பழகினார். போர்டில் குனிந்திருக்கும்வரை எரிச்சல் தூரத்தில் நிற்கும், கடையை மூடினால் வந்துவிடும் என்கிறார்.

விலா நரம்பைத் திருப்பி புஜத்தில் இணைத்த அறுவையும் நடந்தது. முதலில் பார்த்த மருத்துவமனையில் "பொறுங்க, தானா வரும்" என்று எட்டு மாதம் ஓட்டிவிட்டார்கள். காத்திருக்கும் தசை நாளாக ஆகச் சுருங்கும். அதனால் முழுப் பலன் இல்லை. ஆனாலும் அண்ணன் பலமாகத் தும்மினால் வலது முழங்கை தானாக மடங்குகிறது. மூச்சுக்கான நரம்பு அல்லவா. குழந்தைகள் தும்மச் சொல்லிக் கேட்பார்கள்.

போன மாதம் ஊருக்குப் போனபோது மாடியில் உட்கார்ந்து இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். நடிப்பைப் பிடிக்கும் கட்டுரையையும், இரண்டு வருடம் நான் நினைத்ததையும். "தெரியும்டா, ஒன் மூஞ்சியே..." என்று ஆரம்பித்தவர் நின்றார். கண்ணை மூடி, இடது கையால் வலது மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பேசாமல் இருந்தேன். பத்து நொடி இருக்கும். மூச்சை விட்டார்.

"...ஒன் மூஞ்சியே காட்டிக்குடுத்துரும்" என்றார்.