காலந்தாழ்த்திக் கிடைத்த பெயர்: ஓட்டிச வரலாற்றில் ஒரு நோக்கு

நடுவயதை எய்திய ஒருவரிடம் ஓட்டிசம் இனங்காணப்படுவதை அவரது தனிவாழ்வில் நேர்ந்த ஒரு தற்செயலாகக் கருதுவதே பொதுவழக்கு. ஆயின் மருத்துவ வரலாற்றின் பின்னணியில் வைத்து நோக்குமிடத்து, இத்தாமதம் பெரும்பாலும் அவரைச் சார்ந்ததன்று, அறிவியலைச் சார்ந்தது என்பது புலனாகும்.

1943 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் லியோ கனர் 11 சிறுவர்களை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரையே ஓட்டிசத்தைத் தனியொரு நிலையாக நிறுவியது. அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஹான்ஸ் அஸ்பேர்கர், பேச்சாற்றலும் கூர்மதியும் வாய்க்கப்பெற்றும் பிறரோடு ஒட்டியொழுக இயலாத சிறுவர் சிலரை விவரித்தார். ஜேர்மன் மொழியில் அமைந்த அவ்வாய்வு ஆங்கில உலகிற் பல்லாண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்தது. 1981 இல் லண்டன் உளமருத்துவரான லோர்னா விங் அதனை எடுத்துரைத்த பின்னரே நிலைமை மாறியது. அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைந்நூலில் அஸ்பேர்கர் நிலை இடம்பெற்றது 1994 இலாகும். 2013 இல் அது ஓட்டிசம் என்ற பரந்த வகையினுள் அடக்கப்பட்டது. எனவே, 1950களிற் பிறந்து நன்கு பேசவும் கற்கவும் வல்லவராயிருந்த ஒருவரைக் குறிக்கும் பெயர், அவர் நாற்பதை அண்மிக்கும் வரை வழக்கிற்கு வரவில்லை.

இத்தலைமுறைக்கு இருவர் சான்றாவர். 1954 இற் பிறந்த இசை விமர்சகர் ரிம் பேஜ், 'வாஷிங்ரன் போஸ்ற்' இதழில் எழுதிய விமர்சனங்களுக்காக 1997 இற் புலிற்சர் பரிசு பெற்றார். அவரிடம் இந்நிலை இனங்காணப்பட்டதோ 2000 இலேயாம். 1957 இற் பிறந்த ஜோன் எல்டர் றொபிசன் பாடசாலைக் கல்வியை இடைநிறுத்தியவர். 1970களின் பிற்பகுதியில் 'கிஸ்' இசைக்குழுவுக்குத் தீயும் புகையும் உமிழும் கிதார்களை ஆக்கினார். பின்னர் நிறுவனங்களிற் பொறியியலாளராக உயர்ந்தபோது, ஆட்களை முகாமை செய்யும் பொறுப்பு அவருக்கு ஒவ்வாததாயிற்று. அதனைத் துறந்து வாகனம் திருத்தும் தொழிலைத் தொடங்கினார். நாற்பது வயதளவிலேயே அவ்வொவ்வாமையின் காரணத்தை அறிந்தார்.

இவர்களது ஆற்றல் பெயரினால் விளைந்ததன்று. அது முன்னரே இருந்தது. பெயர் மாற்றியது பொருள்கொள்ளலையே. செருக்கு, சோம்பல், பண்பின்மை என ஊரார் கூறியவையும், தாமே தம்மீது சுமத்திக்கொண்டவையும் வேறொரு விளக்கம் பெற்றன. அவ்விளக்கத்தின் பயனாகப் பேஜ் 2009 இலும் றொபிசன் 2007 இலும் தம் வாழ்க்கை நினைவுகளை நூலாக்கினர். றொபிசன் பின்னர் ஓட்டிச ஆய்வு பற்றி ஐக்கிய அமெரிக்க அரசுக்கு ஆலோசனை வழங்கும் குழுவிலும் இடம்பெற்றார். முன்னர் ஆராயப்படும் பொருளாக மட்டும் இருந்தவர்கள் ஆய்வின் திசையைப் பற்றிக் கருத்துரைப்போராயினமை இவ்வரலாற்றில் விதந்து கூறத்தக்க திருப்பமாகும்.

எனினும் இச்சான்றுகளைப் பொதுமைப்படுத்துவது பொருந்தாது. இருவரும் ஆண்கள், தம் இயல்புக்கேற்ற தொழிலைக் கண்டடைந்தவர்கள். கனர் கண்ட பதினொருவருள் எண்மர் ஆண்பிள்ளைகள்; அஸ்பேர்கர் விரித்துரைத்த நால்வரும் ஆண்பிள்ளைகளே. அவ்வடிப்படையில் உருவான அளவுகோல் பெண்கள் பலரைத் தவறவிட்டது. வளர்ந்தோரின் தேவைகளைக் கருத்திற்கொண்டு இங்கிலாந்து சட்டமியற்றியதும் 2009 இலேயாம். அதற்கு முன்னர், பெயரும் அறியாது பொருத்தமான தொழிலும் வாய்க்காது வாழ்ந்து மறைந்தோர் நினைவுநூல் எதனையும் விட்டுச்செல்லவில்லை. வெற்றி பெற்றோரின் சரிதங்களைக் கற்கையில், அவர்களோடு ஒரே வகுப்பில் அமர்ந்திருந்து அறியப்படாது போன மற்றையோரையும் கணக்கிற்கொள்வது வரலாற்று மாணவரின் கடனாகும்.