பழைய சாகா, இரண்டு எஞ்சின்கள்

1985 ஜூலையில் அப்போதைய மலேசியப் பிரதமர் மகாதீர் அறிமுகப்படுத்திய புரோட்டோன் சாகா இன்று நாற்பதைத் தாண்டிய கார். சம்பளத்தில் மிச்சம்பிடித்து அதை வாங்கி ஓட்டிய தலைமுறை ஓய்வுபெற்றுவிட்டது. இப்போது அதைத் தேடிப்பிடிக்கும் இளைஞர்கள் பெயின்ட் அடித்து முடித்ததும் ஒரு கேள்வியில் வந்து நிற்கிறார்கள்: பழைய எஞ்சினையே பிரித்துச் சரிசெய்வதா, புதிதாக ஒன்றை இறக்குவதா?

பழையது 4ஜி13. மிட்சுபிஷியின் ஓரியன் குடும்பம், 1,298 சிசி, கார்புரேட்டர். அதற்குப் போட்டியாக ஜொகூர்ப் பட்டறைகளில் அடிக்கடி அடிபடும் பெயர் 4ஜி92 மைவெக். மிராஜ் காருக்காக மிட்சுபிஷி செய்தது. 1,597 சிசி, 175 குதிரைத்திறன். ஒரு டன் எடைகூட இல்லாத சாகாவில் இதைப் பொருத்தினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால் குதிரைத்திறனை மட்டும் வைத்து இந்த இரண்டையும் எடை போடக்கூடாது. சிலிண்டருக்குள் இருக்கும் அளவைப் பாருங்கள். 4ஜி13-இல் துளை 71 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 82. ஒல்லியான, நீளமான சிலிண்டர். மெதுவான சுற்றிலேயே இழுக்கும். 4ஜி92-இல் துளை 81, தூரம் 77.5. அகலமான, குட்டையான சிலிண்டர். வேகமாகச் சுழலவே பிறந்தது. அதன் முழு இழுவிசை நிமிடத்துக்கு 7,000 சுற்றில்தான் கிடைக்கிறது. உச்ச சக்தி 7,500-இல். மாலை ஆறு மணிக்குத் தெப்ராவ் நெடுஞ்சாலையிலோ, சிங்கப்பூர்ப் பாலத்து வரிசையிலோ 7,000 சுற்றுக்கு வழி ஏது? அங்கே ஊர்ந்து ஊர்ந்து போகும்போது பழைய 4ஜி13 இரண்டாவது கியரில் முனகாமல் நகரும். பாசிர் கூடாங்கில் 1998-இல் உலக மோட்டார்சைக்கிள் பந்தயம் நடந்த மாதிரியான ஓடுதளம் கிடைத்தால் கதை தலைகீழ்.

அடுத்தது எரிபொருள். மைவெக்கின் அழுத்த விகிதம் 11-க்கு 1. ஜப்பானின் உயர்தரப் பெட்ரோலை மனதில் வைத்துச் செய்தது. மானிய விலை ரோன்95 அதற்குச் சரிப்படாது, ரோன்97 வேண்டும். சிங்கப்பூர்ப் பதிவெண் வண்டிகளுக்கு ரோன்95 விற்கக்கூடாது என்பது விதி. ஆகவே மைவெக் சாகாக்காரர் பெட்ரோல் நிலையத்தில் சிங்கப்பூர்க்காரர்களோடு அதே பம்பில் விலை கொடுத்து நிற்பார். 4ஜி13-க்கு அந்தப் பிடிவாதம் இல்லை.

சாலை வரியில் மட்டும் மைவெக் சாமர்த்தியசாலி. தீபகற்பத்தில் தனியார் காருக்கு 1,400 சிசி வரை 70 வெள்ளி, 1,600 வரை 90 வெள்ளி. கோட்டுக்கு மூன்று சிசி கீழே நிற்பதால் வருடத்துக்கு 20 வெள்ளிதான் கூடுதல். அதன் அண்ணன் 4ஜி93-ஐ வைத்தால் 1,834 சிசி. வரி 297 வெள்ளி ஆகிவிடும்.

"எஞ்சின் மலிவுதான் அண்ணே, அதுக்கப்புறம்தான் செலவே" என்று ஃபோர்மேன்கள் சொல்வதில் மிகை இல்லை. ஜப்பானில் கார்களுக்குக் கட்டாயப் பரிசோதனைச் செலவு அதிகம்; நன்றாக ஓடுகிற வண்டியைக்கூடக் கழித்துவிடுவார்கள். அவற்றின் முன்பாதியை அறுத்து அனுப்புவதுதான் ஹாஃப்-கட். அதை விற்கும் பொட்டோங் கடையில் எஞ்சின், கியர்பாக்ஸ், கம்பிக் கற்றை, கணினிப் பெட்டி எல்லாம் சேர்ந்தே கிடைக்கும். வேலை பெட்ரோல் டேங்கில் தொடங்குகிறது. கார்புரேட்டருக்கு எஞ்சினிலேயே ஓடும் சின்னப் பம்ப் போதும். இன்ஜெக்‌ஷனுக்கு அதைப்போல் பத்து மடங்கு அழுத்தம் வேண்டும். மின்சாரப் பம்பும், மிஞ்சியதைத் திருப்பி அனுப்பும் குழாயும் வேண்டும். சாகாவின் டேங்க் அதற்காகச் செய்ததல்ல. பெட்ரோல் பாதிக்குக் கீழே இருக்கும்போது வளைவில் வேகமாகத் திரும்பினால் அது ஒரு பக்கமாக ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், எஞ்சின் திக்கும். அதைத் தடுக்க நடுவில் இன்னொரு சிறு டேங்க். பிறகு ரேடியேட்டர், பிரேக். 13 அங்குலச் சக்கரத்துக்குள் இருக்கும் பழைய பிரேக்கை நம்பி 175 குதிரைகளை அவிழ்த்துவிடுவதைத் தைரியம் என்று நான் சொல்லமாட்டேன்.

காகித வேலை தனி. எஞ்சின் எண் வண்டியின் பதிவு ஆவணமான கிரானில் இருக்கிறது. மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதி, புஸ்பாகோம் பரிசோதனை, இறக்குமதி எஞ்சினின் சுங்கத் தாள் எல்லாம் வேண்டும். தாள் இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடவே கூடாது. விபத்து நடந்தால் காப்புறுதி நிறுவனம் முதலில் பார்ப்பது அந்த எண்ணைத்தான்.

அமெரிக்காவின் மசில் கார் ரசிகர்களுக்கு எஞ்சின் மாற்றம் எளிது. ஷெவர்லேயின் 1955 வி8-க்கும் 1997-இன் எல்எஸ்1-க்கும் சிலிண்டர் இடைவெளி ஒன்றே, 4.4 அங்குலம். பழைய கமாரோவில் எல்எஸ் வைப்பது குடும்பத்துக்குள் சம்பந்தம் செய்வது போல. சாகாவுக்கு மைவெக் அந்நியம். இன்னொன்றும் உண்டு: நாம் நவீனம் என்று கொண்டாடும் மைவெக்கும் தொண்ணூறுகளில் வந்ததுதான். ரப்பர், சீல், சென்சார் எல்லாம் முப்பது வயது. மாற்றுப் பாகம் எளிதில் கிடைக்காது. 4ஜி13-இன் பாகங்களோ சின்ன ஊர்க் கடைகளிலும் தட்டில் கிடக்கின்றன.

குடும்பத்துக்குள்ளேயே தேட வேண்டுமானால் 4ஜி15 இருக்கிறது. அதே ஓரியன், அதே 82 மில்லிமீட்டர். 12 வால்வு இன்ஜெக்‌ஷன் வடிவத்தை வீராவில் பார்த்திருப்பீர்கள். காலையில் சோக்கை இழுத்துக் காத்திருக்கும் தொல்லை போகும், ரோன்95 போதும், சாலை வரி அதே 90 வெள்ளி. இன்ஜெக்‌ஷனுக்கான பம்ப் வேலை இங்கும் உண்டு, பிரேக் தலைவலி அந்த அளவுக்கு இல்லை. தினமும் வேலைக்கு ஓட்டும் சாகாவென்றால் நான் இதைத்தான் சொல்வேன். கண்காட்சிக்கு நிறுத்தும் வண்டிக்கு 4ஜி13-ஐத் தவிர வேறெதுவும் பொருந்தாது. மைவெக் வேண்டுமென்றால் பிரேக்கில் தொடங்கி எஞ்சினில் முடியுங்கள். கழற்றிய 4ஜி13-ஐப் பழைய இரும்புக்காரரிடம் தள்ளாமல் எண்ணெய் பூசி மூடி வையுங்கள். முதல் தலைமுறை சாகாவைத் தேடி வருபவர்கள் அது எங்கே என்று கேட்பார்கள்.