இத்தாலியினின்று மீண்ட கவி

யாத்திரை புறப்படுவோரைப் பற்றி எழுதினோர் பலர். வீடு திரும்புவோரைப் பற்றி எழுதினோர் சிலரே. ஆயினும், பிறநாடு கண்டு ஒருவன் அடைந்த பயன் இன்னதென்பது அவன் மீண்ட பின்னரன்றோ விளங்கும்? இதற்கு ஜெர்மானியப் பெருங்கவி கதேயின் வரலாறு தக்க சான்றாகும்.

வைமார் என்னும் சிறு நாட்டின் கோமகனாகிய கார்ல் ஆகஸ்டிடம் கதே மந்திரியாயிருந்தார். சுரங்கம், சாலை, படை, பொக்கிஷம் ஆகிய யாவும் ஒவ்வொன்றாய் அவர் பொறுப்பில் வந்து சேர்ந்தன. 10 ஆண்டுகள் உத்தியோகக் காகிதங்களிற் கழிந்தன. தொடங்கிய நூல்கள் முடிவுறாமற் கிடந்தன. 1786ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் விடியுமுன், கார்ல்ஸ்பாத் நகரிலிருந்து, நண்பர்க்கும் உரையாது, மெல்லர் என்னும் புனைபெயருடன் அவர் புறப்பட்டார். அப்பொழுது அவருக்கு வயது 37. வெனிஸ், ரோம், நேப்பிள்ஸ், சிசிலி எங்கும் உலாவினார், ஓவியம் பயின்றார், செடிகொடிகளை ஆராய்ந்தார், உரைநடையிற் கிடந்த 'இபிகேனியா' நாடகத்தைச் செய்யுளாக்கி முடித்தார்.

1788 ஜூன் 18இல் வைமார் மீண்டார். ஊர் மாறவில்லை, மாறியவர் அவரே. அவர் கண்டவற்றைக் கேட்க நண்பர்க்கு ஆவலில்லை. நெடுநாள் தோழியாகிய ஷார்லட் வான் ஸ்டைன் சீமாட்டியும் மனங்கசந்து விலகினார். சாமானியராயின் பழைய நுகத்தையே மீண்டும் தோளிலேற்றி, இத்தாலியை எண்ணிப் பெருமூச்செறிந்திருப்பர். கதே அவ்வாறு செய்தாரில்லை. கோமகனின் இசைவோடு உத்தியோகச் சுமையிற் பெரும்பகுதியை இறக்கி வைத்தார். செயற்கை மலர் செய்யும் பட்டறையில் உழைத்த கிறிஸ்டியானே வுல்பியஸ் என்னும் ஏழைப் பெண்ணைத் துணையாகக் கொண்டார். அரண்மனைச் சுற்றம் ஏசியது, அவர் கைவிடவில்லை. எனினும், முறைப்படி மணம் புரிய 1806 வரை, 18 ஆண்டுகள், அப்பெண்மணியைக் காக்க வைத்தது அவருடைய குறையேயாம். பெரியோரென்பதற்காக அதனை நாம் மறைத்தலாகாது.

1790இல், தாவரங்களின் உருமாற்றம் பற்றிய அவரது ஆராய்ச்சி நூல் வெளிவந்தது. அவ்வாண்டே வெனிஸுக்கு மறுமுறை சென்றார். முன்னைய இன்பம் அங்கு இல்லை. எள்ளல் நிறைந்த சிறு பாக்களே பிறந்தன. வைமாரில் இப்பொழுது துணைவியும் கைக்குழந்தையும் காத்திருந்தனர். முதல் யாத்திரையில் அவரை மகிழ்வித்தது இத்தாலியின் மண் மட்டுமன்று, அங்கு அவர் பெற்ற விடுதலையுமே என்பது இதனாற் புலனாகின்றதன்றோ? அந்த விடுதலையை அவர் முன்னரே தம் இல்லத்திற்குக் கொணர்ந்துவிட்டார். 'இத்தாலிய யாத்திரை' நூலின் முதற் பகுதிகள் 1816, 1817ஆம் ஆண்டுகளிலேதான் அச்சேறின. வாழ்க்கையைத் திருத்தியது முன்னர், நூலெழுதியது பின்னர்.

விடுப்பு முடிந்து கணக்கேட்டின்முன் மீண்டும் அமரும் எம்போன்ற கிராணிமார்க்குச் சுமையிறக்கும் கோமகன் எவருமிலர் என்பது மெய்யே. ஆயினும், திரும்பிய மறுநாள், எதனைச் சுமப்பது, எதனை விடுப்பது என்று ஒருமுறையேனும் ஆராய்தல் எவர்க்கும் இயலும். அதற்குக் கப்பற் கூலியும் வேண்டுவதில்லை.