மலைக்கோட்டையும் தீவுக்கோட்டையும்

ராஜகிரியின் நிழலில் வாழும் நமக்குக் கோட்டை புதிதன்று. ஆயினும் இலங்கையின் வடமேற்கே, வெயிலும் வெண்மணலும் பனைகளும் நிறைந்த மன்னார்த் தீவுக் கோட்டையின் வரலாறு, விழாக் காணும் நம் பங்கு மக்கள் அறியத்தக்கது.

1597-இல் சேசு சபைத் தந்தை பிமெந்தா செஞ்சிக்கு வந்தார். போர்த்துக்கலில் லிஸ்பன் நீங்கலாக இதற்கு ஈடான நகரில்லை என்று வியந்து எழுதினார். செஞ்சியை ஆண்ட கிருஷ்ணப்ப நாயக்கர் வேற்றுச் சமயத்தவராயினும் அவரை அன்புடன் வரவேற்று, வெள்ளாற்று முகத்துவாரத்தில் தாம் எழுப்பிய புதுநகரில் ஆலயம் கட்டவும் இசைந்தார்.

மன்னாரிலோ நடந்தது வேறு. அத்தீவு மக்களின் அழைப்பை ஏற்று, புனித சவேரியார் தம் சார்பில் ஒரு குருவை அனுப்பினார். பலர் ஞானஸ்நானம் பெற்றனர். இதைப் போர்த்துக்கீசிய ஆதிக்கத்தின் முதற்படியாகக் கண்டு அஞ்சிய யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, 1544-இல் ஏறக்குறைய 600 பேரைக் கொல்வித்தான். அவன் அச்சம் வீணல்ல. 1560-இல் போர்த்துக்கீசியர் அங்கே கோட்டை கட்டினர். ஆனால் அரசியல் பகைக்கு உயிர்விலை கொடுத்தவர்கள் எளிய மக்களே.

1658-இல் கோட்டை டச்சுக்காரர் வசமாயிற்று. குருக்கள் வெளியேற்றப்பட்டனர், கத்தோலிக்க வழிபாடு தடுக்கப்பட்டது. மாந்தையிலிருந்த குடும்பங்கள் சில, தேவமாதாவின் சுரூபத்தைச் சுமந்துகொண்டு காட்டுக்குள் ஒதுங்கின. அதுவே இன்றைய மடுத் திருப்பதி. 1687-இல் கோவாவிலிருந்து எளிய கூலியாள் வேடத்தில் இலங்கை சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகளார், மறைந்து வாழ்ந்த விசுவாசிகளைத் தேடித் தேடித் திருவருட்சாதனங்களை வழங்கினார். 2015-இல் அவர் புனிதராக உயர்த்தப்பட்டார். 1981-இல் மன்னார் தனி மறைமாவட்டமாயிற்று. உள்நாட்டுப் போரின் கொடுமையால் 2008-இல் மடுமாதா சுரூபம் மீண்டும் இடம்பெயர்ந்து, சில மாதங்களில் திரும்பியது.

ஒருகாலத்தில் தனுஷ்கோடியில் கப்பலேறித் தலைமன்னார் சேர்வது எளிது. 1964-ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியையே அழித்துவிட்டது. இன்று மன்னார் செல்வோர் கடற்கரையையும், பள்ளிமுனையின் பருத்த பெருக்கமரத்தையும், கோட்டையையும் கண்டு மகிழலாம். ஆனால் தோட்டவெளியில் வேதசாட்சிகளின் நினைவிடத்தில் சற்று முழந்தாளிடாமல் திரும்பலாகாது.

நம் செஞ்சிக் கோட்டை 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று; நமக்குப் பெருமையே. ஆயினும் இரு கோட்டைகளிலும் இன்று காவலருமில்லை, அரசருமில்லை. கோட்டையோ குருவோ துணையின்றி அம்மக்கள் காத்த விசுவாசமோ இன்றும் நிலைத்திருக்கிறது. நம் ஆலயச் சுவர்களைப் புதுப்பிக்கும் இவ்வேளையில், அவர்களை நினைவிற்கொண்டு நம் இல்லங்களில் மாலைச் செபத்தையும் புதுப்பிப்போமாக!